மூன்றடுக்குத் தையல் பெட்டி: எட்டு மாதம் கழித்து

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுதும் படிக்கப் பொறுமையில்லாதவர்கள் இத்தோடு போய்விடலாம். தையல் சாமான்களைப் பத்திரமாக மூடி வைக்க இது நல்ல பெட்டி. உட்கார்ந்து தைக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள உதவாது. 1,150 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன், எட்டு மாதமாகிறது, ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அதிலும் அரை மார்க் அந்த மாம்பழ மஞ்சள் நிறத்துக்காக.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் புகார் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மதுரையில் வாடகை வீடு, ஹாலின் ஒரு மூலைதான் என் தையல் கடை. மாமியாருடைய பழைய உஷா மெஷின், காலால் மிதிப்பது, இப்போது மோட்டார் மாட்டியிருக்கிறேன். வாரத்துக்கு ஆறேழு ஜாக்கெட், பெரும்பாலும் லைனிங் வைத்தது, அப்புறம் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, சுடிதாரைப் பிடிப்பது, பள்ளிக்கூட யூனிஃபார்முக்கு ஜிப் மாற்றுவது. வெட்டித் தள்ளிய மீதித் துணியெல்லாம் சேர்ந்து சேர்ந்து மூட்டையாகிவிட்டதால் மூன்று வருஷமாகக் குவில்ட் பைத்தியமும் பிடித்திருக்கிறது. துண்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, அடியில் ஒரு துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு வைத்து மூன்றையும் சேர்த்துத் தைப்பது. எங்கள் பாட்டி பழைய சேலையை நாலாக மடித்து ஓரமும் நடுவுமாக ஓட்டுத்தையல் போட்டுப் பிள்ளைக்கு விரிப்பாரே, கிட்டத்தட்ட அதேதான். அவர் அதற்குப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை.

இந்த இரண்டு வேலைக்கும் வேண்டிய சாமான் எல்லாமே பொடிசு. பாபின் (மெஷினுக்கு அடியில் போடும், கீழ் நூல் சுற்றிய குட்டி உருளை), அதை மாட்டும் பாபின் கேஸ், ட்ரிம்மர் (நூல் நறுக்கும் குட்டிக் கத்தரி), துணியில் கோடு போடும் சாக், இன்ச் டேப், குண்டூசி, கை ஊசி, மெஷின் ஊசி, ஹூக், பிரஸ் பட்டன், நாடா கோர்க்கும் ஊசி, தையல் பிரிக்கும் ரிப்பர், துணியை அமுக்கிப் பிடிக்கும் மெஷின் பாதம் நாலைந்து, குட்டி ஸ்க்ரூடிரைவர், எண்ணெய் டப்பா. மெஷின் மேஜையில் ஒரு டிராயர் இருக்கிறது. அதற்குள் கையை விட்டால் முதலில் அகப்படுவது எப்போதுமே நமக்கு வேண்டாததுதான். போன தீபாவளி சமயம் ஒரே நாளில் மூன்று ஜாக்கெட் கொடுக்க வேண்டியிருந்தது, ட்ரிம்மரைத் தேடித்தேடி ஒரு மணி நேரம் போச்சு. கடைசியில் அது என் மடியிலேயே, வெட்டின லைனிங் துணிக்குக் கீழே கிடந்தது. அன்றைக்கு ராத்திரியே பெட்டியை ஆர்டர் போட்டுவிட்டேன். கோபத்தில் வாங்கிய பொருள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பெட்டி. பிளாஸ்டிக், மேலே கைப்பிடி, மூடியைத் திறந்தால் இரண்டு பக்கமும் தட்டுகள் படிக்கட்டு மாதிரி விரிந்து வெளியே வரும், அடியில் ஆழமான ஒரு அறை. மேஸ்திரிகளும் எலக்ட்ரீஷியன்களும் தூக்கிக்கொண்டு வருவார்களே, அந்த டூல் பாக்ஸின் தங்கச்சி. தட்டுகளில் தடுப்புகள் இருக்கின்றன, பாதித் தடுப்புகளைக் கழற்றி நமக்கு வேண்டிய அளவில் மாட்டிக்கொள்ளலாம், அது நல்ல யோசனை. மூடினால் அடக்கமாக இருக்கிறது. தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு ஒரு கல்யாண வேலைக்குப் போனபோது எல்லாமே ஒரே இடத்தில் இருந்தது, ஒரு ஹூக்குக்கூட நான் வெளியே வாங்கவில்லை. அந்த இரண்டு நாளும் பெட்டியைப் புகழ்ந்து தள்ளினேன்.

வீட்டில்தான் தகராறு. மூடியிருக்கும்போது ஒரு அடிக்குமேல் கொஞ்சம், விரித்தால் இரண்டடி. என் மெஷினுக்கு இடப்பக்கம் தைத்த துணி விழ இடம் வேண்டும், வலப்பக்கம் சக்கரம். இரண்டடிப் பெட்டியை எங்கே விரிப்பது? தரையில் வைத்தேன், ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டியிருந்தது. ஸ்டூலில் வைத்தேன், ஒரு பக்கத் தட்டில் பாபின் எல்லாம் இருந்ததால் கனம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பெட்டியே கவிழ்ந்தது. குண்டூசி தரையில் கொட்டிய வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு மத்தியானம் முழுக்க ஊசி பொறுக்கினோம்.

இன்னும் இரண்டு குறை. ஒன்று, பத்து அங்குல வெட்டுக் கத்தரி எந்தத் தட்டிலும் அடங்காது, அடி அறையில் குறுக்காகத்தான் படுக்கும், அதை எடுக்க எல்லாத் தட்டையும் விரிக்க வேண்டும். தையல் பெட்டி என்று பெயர் வைத்தவர்கள் ஒரு தையல்காரரின் கத்தரியை அளந்து பார்த்திருக்கலாம். இன்னொன்று, தட்டுகளுக்கு நடுவே இன்ச் டேப்பின் ஒரு முனை மாட்டிக்கொண்டால் பெட்டி மூடாது, பலவந்தமாக மூடினால் டேப் மடிந்து அந்த இடத்தில் எண் அழியும். என் டேப்பில் இப்போது 23க்கும் 24க்கும் நடுவில் ஒரு வெடிப்பு. 23 என்பது பலருக்குத் தேவைப்படாத அளவு என்பதால் பிழைத்தேன்.

ஒரு மாதம் இப்படியே ஓட்டிய பிறகு, குறை பெட்டியிலா என்னிடமா என்று தெரிந்துகொள்ள ஒரு வேலை செய்தேன். ஒரு லைனிங் ஜாக்கெட்டைத் தைக்க ஆரம்பித்ததிலிருந்து முடிக்கிறவரை எதை எத்தனை தடவை கையில் எடுக்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கோடு போடச் சொல்லி மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். அவளுக்குச் சம்பளம் ஒரு ரோஸ்மில்க். ட்ரிம்மர் 64 தடவை. குண்டூசி 40 சொச்சம். சாக் 11. டேப் 9. பெரிய கத்தரி 6. ரிப்பர் 3 (உண்மையைச் சொல்கிறேன், கை வளைவு ஒரு தடவை தப்பாகிவிட்டது). பாபின் மாற்றியது 1. மெஷின் ஊசி, பாதம், ஸ்க்ரூடிரைவர், எண்ணெய் எதுவுமே இல்லை. ஹூக்கும் கை ஊசியும் கடைசியில் ஒரே ஒரு உட்காரலில்.

அந்த நோட்டைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. 64 தடவை எடுக்கிற பொருளையும் மாதம் ஒரு தடவை எடுக்கிற பொருளையும் ஒரே மூடிக்குக் கீழே வைத்ததுதான் கோளாறு. எந்தப் பெட்டி வாங்கியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். மூடி உள்ள எதுவும் ட்ரிம்மருக்கு ஆகாது.

இதை முன்னாடியே தெரிந்துவைத்திருந்தவர்கள் நம் ஊர்த் தையல்காரர்கள். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில், தூணுக்குத் தூண் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர்களை என் வயது மதுரைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சின்ன வயதில் அம்மா அங்கே அளவு கொடுக்கும்போது நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். டேப் கழுத்தில், சாக் காதில், நூல் கோர்த்த ஊசி இரண்டு சட்டைக் காலர் மடிப்பில். ஒரு ஆள் உட்கார்ந்து எழ மட்டும்தான் அங்கே இடம், ஆனால் எதையும் தேடி நான் பார்த்ததில்லை. அவர்களிடம் பெட்டி என்று ஒன்று இருந்ததா என்றே ஞாபகமில்லை.

நானும் ஊசியை நைட்டிக் கழுத்தில் குத்திக்கொண்டு பார்த்தேன். பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்த அன்றோடு விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தேன். முதலில் வாங்கியது காந்தத் தட்டு, 180 ரூபாய், உள்ளங்கை அகலம், குழிந்த சாஸர் மாதிரி. இதற்கு ஐந்துக்கு ஐந்து, யோசிக்கவே வேண்டாம். ஓரத்தைத் தைத்துக்கொண்டே போகும்போது குண்டூசியை உருவி அந்தப் பக்கமாக விட்டெறிந்தால் போதும், பார்க்காமலே போய் ஒட்டிக்கொள்ளும். முன்னெல்லாம் வாயில் கடித்துக்கொள்வேன், யாராவது கூப்பிட்டால் ‘ம்’ கொட்டுவதற்கே பயம். தரையில் ஊசி கொட்டினால் தட்டைக் கவிழ்த்து ஒரு வீசு வீசினால் எல்லாம் ஏறி வந்துவிடும், பெட்டி கவிழ்ந்த அன்று இது இருந்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது: பித்தளைக் குண்டூசி ஒட்டாது, சில ஸ்டெயின்லெஸ் ஊசியும் ஒட்டாது, இரும்பில் முலாம் பூசிய சாதாரணக் குண்டூசிதான் இதற்கு. ரொம்ப நாள் அதிலேயே கிடந்த ஊசி தானும் காந்தமாகிவிடும், ஒன்றை எடுத்தால் கூடவே இரண்டு தொங்கிக்கொண்டு வரும். எனக்கு அது தொந்தரவாக இல்லை. ஆனால் மெஷின் ஊசியையும் பாபின் கேஸையும் அதில் போடுவதில்லை. குண்டூசியின் தலை பிளாஸ்டிக்காக இருந்தால் இஸ்திரிப் பெட்டி பட்டு உருகித் துணியில் அப்பிவிடும், கண்ணாடித் தலை என்றால் உருகாது, விலை கொஞ்சம் கூட. பட்டு ஜாக்கெட் தைப்பவர்கள் கண்ணாடித் தலையே வாங்குங்கள்.

ட்ரிம்மருக்கு வழி சொன்னது திருப்பூரில் இருக்கும் என் சித்தி பெண். அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவள். பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். “அக்கா, எங்க லைன்ல ட்ரிம்மரை மெஷின்லயே கயித்துல கட்டி வச்சிருப்போம். கையை விட்டா அது அங்கயே தொங்கும்.” அவ்வளவுதான். ஒரு முழ நாடா, மெஷின் தலையின் பின்பக்கத் திருகில் ஒரு முடிச்சு, மறுமுனை ட்ரிம்மரில். செலவு பூஜ்யம். நாடா நீளத்தை மட்டும் பார்த்துக் கட்டுங்கள், தொங்கும்போது மோட்டார் பெல்ட்டையும் சக்கரத்தையும் தொடக் கூடாது. நான் முதலில் நீளமாகக் கட்டி ஒரு தடவை பெல்ட்டில் சுற்றிக்கொண்டது, நல்லவேளை காலை எடுத்துவிட்டேன்.

அங்கே ட்ரிம்மரைக் கட்டி வைப்பது வசதிக்காக மட்டுமில்லையாம். கூரான எந்தச் சாமானும் தைத்த உடுப்போடு சேர்ந்து பெட்டிக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகவும்தான். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும், சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள், ஒரு நுனி காணோம் என்றால் அந்த இடத்தில் இருக்கும் பீஸ் எல்லாம் தனியே எடுத்துச் சோதிக்கப்படும். குழந்தை உடுப்பு என்றால் கடைசியில் மெட்டல் டிடெக்டர் வேறு. அவள் சொன்னதிலிருந்து நானும் ஒரு காலி மாத்திரை டப்பாவில் உடைந்த ஊசியெல்லாம் போட்டு வைக்கிறேன், நிரம்பினால் மூடியை ஒட்டிக் குப்பையில். இதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்காதீர்கள்.

அடுத்தது என் சொந்தக் கண்டுபிடிப்பு, இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அஞ்சறைப் பெட்டி. புதுசு வாங்கியதும் பழையது பரணில் கிடந்தது, எவர்சில்வர், கண்ணாடி மூடி, உள்ளே ஏழு கிண்ணம். சமையல் செய்யும்போது கடுகுக்கும் சீரகத்துக்கும் தனித்தனி மூடி திறந்துகொண்டிருந்தால் தாளிப்பு கருகிவிடும் என்றுதானே அதற்கு ஒரே மூடி வைத்தார்கள். ஹூக் ஒரு கிண்ணம், அது மாட்டும் கண்ணி ஒரு கிண்ணம், பிரஸ் பட்டனில் சின்னது, பெரிசு, சட்டைப் பட்டன், சேலைக்குக் குத்தும் ஊக்கு, ஏழாவதில் மணியும் கண்ணாடியும். கண்ணாடி மூடியாக இருப்பதால் திறக்காமலே எது தீர்ந்துபோகிறது என்று தெரிகிறது. ஹூக் வைக்கும் நேரம் வந்தால் பெட்டியையே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடலாம். ஒரே ஜாக்கிரதை, மஞ்சள் கிண்ணத்தை நன்றாகக் கழுவுங்கள். நான் கழுவினேன் என்றுதான் நினைத்தேன், வெள்ளை ஜாக்கெட்டுக்கு வைத்த ஹூக் பட்டி லேசாகக் குங்குமப்பூப் பால் நிறத்தில் வந்தது.

நீல நிற டேனிஷ் பிஸ்கட் டப்பா பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். எங்கள் வீட்டிலும் இருக்கிறது, யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது, திறந்த பிள்ளைகள் எல்லாம் ஏமாந்துபோன டப்பா. ஆனால் அது நூல்கண்டுக்கு மட்டும்தான் லாயக்கு. அகலம் ஜாஸ்தி, தடுப்பு இல்லை, பொடிச் சாமான் போட்டால் டிராயர் கதைதான்.

பாபினுக்கு வருவோம். பாபின்களைச் சும்மா ஒரு டப்பாவில் போட்டால் நூல் நுனிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சிவப்பை இழுத்தால் பச்சையும் நீலமும் ஊர்வலமாக வரும். பெட்டியின் தட்டில் இதுதான் நடந்தது, தடுப்புகளின் அகலம் பாபினுக்குப் பொருந்தவில்லை, படுத்து உருண்டன. 25 குழி உள்ள தட்டையான பாபின் டப்பா 120 ரூபாய், அதில் ஒவ்வொன்றும் நின்றுகொள்கிறது. வாங்கும்போது உங்கள் பாபினில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பாருங்கள். உஷா மாதிரி வீட்டு மெஷினின் பாபின் சுமார் 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 11, 12 மில்லிமீட்டர் உயரம். ஃபாக்டரி மெஷினின் பாபின் அதைவிடச் சப்பை. குழி கொஞ்சம் பெரிதாக இருந்தால் டப்பாவைச் சாய்க்கும்போது எல்லாம் குதித்துவிடும். மேல் நூலும் கீழ் பாபினும் ஜோடியாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நூல்கண்டின் ஓட்டையில் ஒரு காது குடையும் குச்சியைச் செருகி அதன் மேல் பாபினைக் கோர்த்து வைக்கலாம், நான் பட்டுக்கு மட்டும் அப்படி வைக்கிறேன்.

மெஷின் ஊசிதான் எனக்கு ரொம்ப நாள் குழப்பம். உறையிலிருந்து எடுத்துவிட்டால் 11ஆம் நம்பரும் 14ஆம் நம்பரும் கண்ணுக்கு ஒன்றுதான், தண்டில் பொறித்த எண்ணைப் படிக்க எனக்கு இப்போது பூதக்கண்ணாடி வேண்டும். 11 என்பது 75, 14 என்பது 90, 16 என்பது 100, அதாவது ஊசியின் கனம் மில்லிமீட்டரில் நூறில் எத்தனை பங்கு என்று. 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். காட்டன் லைனிங் ஜாக்கெட்டுக்கு 14, மெல்லிய பட்டுக்கு 11, ஜீன்ஸ் மடிப்புக்கு 16. ஷ்மெட்ஸ் கம்பெனி ஊசியில் தண்டில் ஒரு நிறக்கோடு போட்டு விடுவார்கள், 75க்கு ரோஸ், 90க்கு நீலம், 100க்கு ஊதா, கண்ணாடி இல்லாமலே எடுக்கலாம். ஆனால் விலை அதிகம் என்பதால் எல்லாவற்றுக்கும் அதை வாங்குவதில்லை. மற்ற ஊசிகளுக்கு, தக்காளி மாதிரி பச்சை நூலால் பாத்தி பாத்தியாகப் பிரித்த குண்டூசி மெத்தை இருக்கிறதல்லவா, அதன் ஒவ்வொரு பாத்தியிலும் பேனாவால் நம்பரை எழுதிவிட்டேன். பாதி ஓடின ஊசியை அந்தந்தப் பாத்தியில் குத்தி வைத்தால் கலக்காது. ஜீன்ஸுக்கு 16 மாட்டியிருந்தால், அது நினைவிருப்பதற்கு, மாட்டிய ஊசிக்குரிய பாத்தியில் ஒரு சிவப்புக் குண்டூசி. அந்தத் தக்காளியோடு ஒரு குட்டி ஸ்ட்ராபெரி தொங்குமே, அது அழகுக்கு இல்லை, உள்ளே எமரித் தூள், அதாவது சாணை பிடிக்கிற கல்லின் பொடி வைத்தது, துருப்பிடித்த ஊசியை அதில் நாலு தடவை குத்தி எடுத்தால் மழமழவென்று ஆகும். மலிவாக வருவதில் வெறும் பஞ்சுதான், அமுக்கிப் பார்த்தால் மணல் மாதிரி நறநறக்க வேண்டும்.

துரு என்றதும் ஞாபகம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கை ஊசியெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்துப்போகும். மூன்றடுக்குப் பெட்டி இதில் நன்றாகத்தான் இருந்தது, மூடி இறுக்கம். மாத்திரை டப்பாக்களிலும் புதுச் செருப்பு அட்டையிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை இரண்டு போட்டு வைத்தேன், ஒரு ஊசிகூடக் கறுக்கவில்லை. பாட்டி கைத்தையல் போடும்போது நாலு தையலுக்கு ஒரு தடவை ஊசியைத் தலைமுடியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வார், தேங்காய் எண்ணெய்ப் பசையில் ஊசி வழுக்கிக்கொண்டு போகும், துருவும் ஏறாது. ஊசியைப் பற்றிய இன்னொரு விஷயம், எங்கள் தெருவில் பழைய மளிகைக் கடைக்காரர் விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்க மாட்டார். ராத்திரி எட்டு மணிக்கு ஊசி உடைந்தால் காலைவரை கை கட்டி உட்கார வேண்டியதுதான், அதனால் மெஷின் ஊசி ஒரு பாக்கெட் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். இருட்டில் தொலைத்த ஊசி காலில் ஏறும் என்று பயந்து யாரோ ஆரம்பித்து வைத்த பழக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

சுவரில் மாட்டும் துளைப் பலகையும் வாங்கினேன், 1,400 ரூபாய், வெள்ளை இரும்புத் தகடு, கூடவே கொக்கிகளும் சின்னக் கூடைகளும். பார்க்க அழகு. ஆனால் வாடகை வீட்டில் சுவரைத் துளைப்பதற்கு வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கவே இரண்டு வாரம். மாட்டிய பிறகு, கத்தரியை எடுத்தால் கொக்கியும் கூடவே கழன்று கையில் வந்தது, ஒவ்வொன்றையும் கம்பியால் பின்பக்கம் கட்டிய பிறகுதான் நின்றது. கொக்கி தனியாக உறுதியாகப் பூட்டிக்கொள்கிற வகை இருந்தால் மட்டும் வாங்குங்கள். மெஷினில் உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள், நான் நின்றுகொண்டு அளந்துவிட்டேன், மேல் வரிசை எட்டாது, இப்போது அங்கே மகளின் தலைபேண்ட் தொங்குகிறது. மூன்றரை கொடுக்கலாம்.

பலகை வருவதற்குமுன் தினசரிக் காலண்டர் அட்டையில் ஆணி அடித்து ஒன்று செய்து பார்த்தேன், கெட்டி அட்டை, ஊசிப் பாக்கெட்டுகளைத் தொங்கவிட நன்றாக இருந்தது. ஆனால் முருகன் மார்பில் ஆணியா என்று மாமியார் கேட்டார். பதில் இல்லை.

குவில்ட் சாமான் தனிக் கதை. உருளைக் கத்தி ஜப்பானில் ஓல்ஃபா கம்பெனி 1979இல் கொண்டுவந்தது, பீட்சா வெட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டே போனால் நாலைந்து மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டும். 45 மில்லிமீட்டர் பிளேடுதான் பொதுவாக எல்லோரும் வைத்திருப்பது. இது மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாத சாமான். பாதுகாப்பு மூடியைத் தள்ளாமல் வைத்துவிட்டுத் தடவித் தேடினால் விரல் போய்விடும். அதனால் இதற்கு அந்த மூன்றடுக்குப் பெட்டியின் அடி அறை, பழைய பிளேடுகளுக்கு ஒட்டி மூடிய ஒரு தகர டப்பா. வெட்டுவதற்கு அடியில் போடும் பாயைச் சுருட்டாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். நான் ஜன்னலோரம் சாய்த்து வைத்து, மதுரை வெயிலில் ஒரே மத்தியானத்தில் வாழைமட்டை மாதிரி வளைந்துவிட்டது, இப்போது கட்டில் மெத்தைக்குக் கீழே படுக்கவைத்திருக்கிறேன். நீளமான அக்ரிலிக் அளவுகோல்களுக்குத் தட்டு அடுக்கும் ஸ்டாண்ட் போதும், நிமிர்ந்து நிற்கும், நுனி உடையாது. துணிகளைப் பிடிக்கும் கிளிப்புகள் இருபது முப்பது, காபி டவராவில். டம்ளர் உடைந்து தனியாகிவிட்ட டவரா உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

சாக்கைத் தனியாக வையுங்கள், இதைச் சொல்ல மறந்துவிட்டேன். பெட்டித் தட்டில் போட்டால் உடைந்து தூளாகி எல்லாவற்றிலும் அப்பும், மெழுகுச் சாக் என்றால் இஸ்திரி போடும்போது உருகிக் கறையாகும். தேய்ந்து மெலிந்த குளியல் சோப்புச் சில்லுதான் எனக்குப் பிடித்தது, கோடு மெல்லியதாக விழும், துவைத்தால் போய்விடும், வாசனை வேறு. கலர் துணிக்கு மட்டும், வெள்ளைக்குத் தெரியாது.

ஆக மூன்றடுக்குப் பெட்டியை யார் வாங்கலாம்? வகுப்புக்குப் போய்த் தையல் கற்பவர்கள், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதும் கைவேலையை விடாதவர்கள், மாதம் இரண்டு தடவை பட்டன் தைப்பதற்கு மட்டும் ஊசியைத் தேடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது தட்டுகளை இணைக்கும் ஆணி உலோகமா என்று பாருங்கள், என்னுடையதில் பிளாஸ்டிக், இடப்பக்கம் ஒன்று ஏற்கெனவே ஆடுகிறது. விற்றவர்களிடம் கேட்டதற்குத் திருப்பி அனுப்பும் தேதி முடிந்துவிட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. தினமும் தைக்கிறவர்கள் அந்தப் பணத்தில் காந்தத் தட்டு, பாபின் டப்பா, தக்காளி, ஒரு முழ நாடா வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு நல்ல நூல் வாங்குங்கள்.

பெட்டி இப்போது பீரோவுக்கு மேலே. உருளைக் கத்தி, மெஷின் பாதங்கள், எண்ணெய், ஸ்க்ரூடிரைவர், மிச்ச ஊசிப் பாக்கெட், ஜரிகைத் துண்டுகள் எல்லாம் அதற்குள். மாதம் ஒரு தடவை மெஷினுக்கு எண்ணெய் விடுவதற்காக இறக்குகிறேன், விரிக்கும்போது அந்த ஆடுகிற ஆணி ‘கிரீச்’ என்கிறது, ஒரு சொட்டு அதற்கும் விட்டுவிட்டு மேலே ஏற்றிவிடுகிறேன்.